பவுனுத்தாயி கட்டுன கோழிக்கூடு

ஒரு ஊர்ல பவுனுத்தாயின்னு ஒருத்தி இருந்தா. அவகிட்ட கருப்பின்னு ஒரே ஒரு கோழி இருந்துச்சு. ம் கொட்டு, இல்லன்னா சொல்ல மாட்டேன்.

"ம்."

ஆங். கருப்பி அடை உக்காந்து குஞ்சு பொரிச்சா. அந்தக் குஞ்சுக வளந்து அதுகளும் பொரிச்சுச்சு. அப்புறம் என்ன, வீடு பூரா கோழிதான். பொழுது சாஞ்சா கவுத்துற பஞ்சாரக் கூடைக்குள்ள பாதிகூட அடங்கல. மிச்சமெல்லாம் கட்டிலுக்கடியில, அடுப்படியில, அரிசிப் பானை மேலன்னு படுத்துக்கிச்சு. அவ புருஷன் தவசி சட்டைய உதறுனா உள்ளேருந்து ஒரு குஞ்சு கீச்சுங்குது.

"ஏ பவுனு, தீபாவளிக்கு முந்தி கோழி யாவாரி வருவான். அதுக்குள்ள இதுகளுக்கு ஒரு கூடு கட்டிரு. இல்லன்னா மொத்தமா தூக்கிக் குடுத்துருவேன்"னுட்டான். பவுனுத்தாயி விடுவாளா? பிள்ளையா வளத்ததுகளாச்சே.

அப்போ அவ செங்கல்லும் மண்ணுமா ஒரு கூடு கட்டுனா. குஞ்சுகளக் கையில வச்சுப் பாத்து, இம்புட்டு இடம் போதும்னு அளந்தா. கூறுகெட்டவ, குஞ்சு குஞ்சாவேவா இருக்கும்? சுவரு காயுறதுக்குள்ள அதுக தளதளன்னு வளந்துருச்சு. உள்ள விட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கொக்கொக் கொக்கொக்னு ஒரே சண்டை.

அப்புறம் அத இடிச்சுட்டுப் பெருசா கட்டுனா. இந்தத் தடவ தவசி வந்து நின்னுக்கிட்டு, "வாசலக் கிழக்க பாத்து வையி. கோழி வீடுன்னாலும் வாஸ்து வாஸ்துதான்"னான். அவளும் வச்சு, மஞ்சள் பூசி, பொட்டு வச்சு, தேங்காயும் ஒடச்சா. அன்னைக்கு சாயங்காலமே ஐப்பசி மழை கிழக்கேருந்து சோன்னு அடிச்சு நேரா வாசலுக்குள்ள பூந்துச்சு. கோழியெல்லாம் தொப்பலா நனைஞ்சு வெடவெடன்னு நடுங்குது. பவுனுத்தாயி முந்தானையால தொடச்சுக்கிட்டே அழுதா. தவசி வானத்தப் பாத்துக்கிட்டு நின்னான். வேறெங்க பாப்பான்?

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

மூணாவதா, வாசல மேக்க திருப்பி, கூரையையும் நல்லா எறக்கிப் போட்டா. கூடு பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு. ஆனா பொழுது சாஞ்சும் ஒரு கோழி உள்ள போகல. கருப்பி எட்டிப் பாத்தா, திரும்புனா, படபடன்னு பறந்து முருங்கைக் கொப்புல உக்காந்துக்கிட்டா. பின்னாலேயே எல்லாம் ஏறிருச்சு. வேலியோரம் காட்டுப்பூனை வேற நாக்க நக்கிக்கிட்டு நிக்குது. விடிஞ்சா யாவாரி வர்றான். பவுனுத்தாயிக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

கல்ல வீசிப் பூனைய வெரட்டிட்டு மரத்தையே பாத்தா. கோழிக நகத்தால கொப்ப இறுக்கிப் புடிச்சு, வரிசையா ஒட்டி உக்காந்திருந்துச்சு. அடிப்பாவி, தரையெல்லாம் மெழுகுனேன், உக்கார ஒரு கொப்பு வைக்கலையேன்னு அப்பத்தான் ஒறச்சுச்சு. ஓடிப்போயி துணி காயப்போடுற மூங்கில் கம்பக் கழட்டுனா. ஈர வேட்டி பொத்துன்னு சகதியில விழுந்துச்சு. விழட்டும். கம்பக் கூட்டுக்குள்ள குறுக்க சொருகி, கருப்பியக் கொப்புலேருந்து எட்டிப் புடிச்சாந்து அதுல உக்கார வச்சா. கருப்பி ஒருக்கா காலை மாத்தி வச்சா, இறக்கைய மடக்குனா, கண்ண மூடிட்டா.

அப்போ மரத்துலேருந்து ஒவ்வொண்ணா, பொதுக்... பொதுக்... பொதுக்னு குதிச்சு உள்ள போச்சு. கதவச் சாத்தித் தாப்பாப் போட்டா பாரு, அப்பாடான்னு பவுனுத்தாயிக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. அன்னைக்கு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனா.

விடியுமுன்ன யாவாரி வண்டி வந்து பாம் பாம்னுச்சு. பதறிக்கிட்டு ஓடியாந்தா, தவசி அவளுக்கு முந்தியே தெருவுல நிக்கிறான்.

"ஆரன் அடிக்காதய்யா, உள்ள தூங்குதுக. நீ போயிட்டு வா"ன்னான்.

"தவசியா சொன்னான்?"

ஆமாடா தங்கம். எந்திரிச்ச ஒடனே கூட்டுக்குள்ள எட்டிப் பாத்திருக்கான், எல்லாம் வரிசையா தூங்குறத. அப்புறம் மனசு வருமா? வண்டி போனதும் சகதி வேட்டிய நீட்டி, "இத எங்க காயப்போடுறது?"ன்னான். பவுனுத்தாயி சிரிச்சுக்கிட்டே, "உங்க தலையில போட்டுக்கங்க"ன்னா.

கோழி கூட்டுக்குள்ள, கதை வயித்துக்குள்ள. கண்ண மூடு சாமி.