ஒரு கைக்கான கேமரா

திருச்சி பாலக்கரையில் மெஹருன்னிசா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிலிம் கேமரா கற்றுக்கொடுத்துவந்தார். அவரிடம் படித்தவர்களில் திலகமணி ஆசிரியரைவிட வயதில் பெரியவர். குறைவாகப் பேசுவார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் நின்றார்.

"ஒரு கேமரா பாடி வாங்கணும் டீச்சர்."

லென்ஸ் இல்லாத வெறும் கேமராவைக் கடையில் பாடி என்பார்கள்.

"லென்ஸ்?"

"இருக்கு. எல்லாம் பழசு. கையால திருப்பித்தான் ஃபோகஸ் பண்ணணும்."

"உங்களுக்கா அக்கா?"

"அவருக்கு."

திலகமணியின் கணவர் கோதண்டம். வெளியே போனால் தோளில் கேமரா தொங்கும். போன வருடம் பக்கவாதம் வந்து மாடிப்படியில் விழுந்தார். கேமராவும் கூடவே விழுந்து நொறுங்கியது. பீரோவில் இருந்த லென்ஸ்கள் தப்பின. இடது கை செயலிழந்தது. பேச்சு குழறியது. ஊரிலிருந்து போனில் பேசிய தங்கை, "நீ சொல்றது ஒண்ணும் புரியலைண்ணே, அண்ணிகிட்ட குடு" என்றாள். அன்றோடு அவர் பேச்சை விட்டார். வேண்டியதைக் கண்ணால் காட்டுவார். வேண்டாதபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"கடைக்காரர் ஒரு பாடி காட்டினார். கனமே இல்லை. ஃபிலிமை அதுவே சுத்திக்குது. ஃபோகஸ் சரியா வந்தா உள்ளே பச்சை லைட் எரியுது. ஸ்டாண்டுல மாட்டிட்டா ஒரு கையாலயே சமாளிச்சுக்கலாம், யாரும் பக்கத்துல வேணாம்னார். அதையே வாங்கிடட்டுமா?"

மெஹருன்னிசா கொஞ்சம் யோசித்தார்.

"நாளைக்கு வீட்டுக்கு வரேன்க்கா."

மறுநாள் தன்னுடைய பாடி ஒன்றையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். கோதண்டத்தின் லென்ஸ்கள் அதில் பொருந்தும். முழுக்க இரும்புக் கனம். ஓரமெல்லாம் கறுப்பு தேய்ந்து பித்தளை தெரிந்தது.

கோதண்டம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். லென்ஸ் பாடியில் பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டதும் திரும்பினார்.

"அண்ணே, என்னை ஒரு படம் எடுத்துக் குடுங்க."

கேமராவை அவர் கண்ணுக்கு நேராக நிறுத்திவிட்டு மெஹருன்னிசா எதிர் நாற்காலியில் அமர்ந்தார். கோதண்டம் கேமராவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கண்ணை வைத்தார். வலது கை லென்ஸை நோக்கிப் போனது.

"கை பட்டன்லயே இருக்கட்டும்ணே. அக்கா, லென்ஸை நீங்க திருப்புங்க."

"நானா? உள்ளே என்ன தெரியுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணனுக்குத் தெரியும்."

அந்தப் பாடியில் பச்சை லைட் எதுவும் கிடையாது. நடுவில் ஒரு சின்ன வட்டம். ஃபோகஸ் தப்பினால் வட்டத்துக்குள் முகம் இரண்டு துண்டாக விலகி நிற்கும். சேர்ந்துவிட்டதா என்று பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும்.

திலகமணி லென்ஸைத் திருப்பினார். கோதண்டம் தலையை லேசாக அசைத்தார். லென்ஸிலேயே கண்ணாக இருந்த திலகமணிக்கு அது தெரியவில்லை. வளையம் கடைசிவரை போய் முட்டியது. திரும்பக் கொண்டுவந்தார். மறுபடியும் தாண்டிப் போனது. கோதண்டத்தின் விரல் பட்டனை விட்டு எழுந்தது.

கோபம் வந்துவிட்டதோ என்று திலகமணி பயந்து ஆசிரியரைப் பார்த்தார். மெஹருன்னிசா படத்துக்கு உட்கார்ந்தவர்போல அசையாமல் இருந்தார்.

திலகமணி இன்னொரு முறை திருப்பினார்.

"போ... போயிடுச்சு" என்றார் கோதண்டம்.

திலகமணியின் கை அப்படியே நின்றது.

"எந்தப் பக்கங்க?"

"பின்... பின்னாடி."

"இவ்வளவா?"

"கொஞ்சம். இன்னும் கொஞ்சம், மணி. ம்... நில்லு."

பட்டன் அமுங்கியது. கோதண்டம் வலது கட்டைவிரலால் தானே ஃபிலிமைச் சுற்றினார்.

"இன்னொண்ணு" என்றார். சொல் குழறித்தான் வந்தது. திலகமணி கேட்டுத் திருப்பினார்.

ஃபிலிம் தீரும்வரை எடுத்தார்கள். கிளம்பும்போது மெஹருன்னிசா கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டார். திலகமணி வாசல்வரை கூட வந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மாதிரியே வாங்கலாம்னுதான் இருக்கு டீச்சர். ஆனா இதுக்கு ரெண்டு கை வேணுமே."

மெஹருன்னிசா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"உங்க வீட்டுல மூணு இருக்கேக்கா."