கதிர் பட்ட ஆடும் கதிர் படாத ஆடும்

செல்போன் டவரின் மைக்ரோவேவ் கதிர் ஆட்டின் மூளையையும் நடத்தையையும் மாற்றுகிறதா என்று பார்க்க, நாகவேணி என்ற கால்நடை ஆராய்ச்சியாளர் சப்பட்டையூருக்கு வந்தார். அவர் கெட்டிக்காரர். ஆனால் வேலையை அந்த ஊர்க்காரர்களான ஒச்சப்பன், மொக்கராசு, தவசி ஆகிய மூவரிடம் ஒப்படைத்தார்.

ஆடுகளைத் தந்தவள் காமாயி. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கருப்பு வெள்ளாடுகள். அவற்றின் பாலை விற்றுத்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

"ரெண்டும் பத்திரமா வீடு வந்து சேரணும். ஒண்ணு குறைஞ்சாலும் உங்க மூணு பேரையும் தொழுவத்துல கட்டிருவேன்" என்றாள்.

நாகவேணி விளக்கினார். ஒரு ஆடு டவருக்கு அடியில். இன்னொன்று கதிர் எட்டாத ஓடைக்கரையில். "டவரைத் தவிர ரெண்டுக்கும் எந்த வித்தியாசமும் இருக்கக் கூடாது." மூளையின் அலைகளைப் பதியும் தொப்பிகளை ஆடுகளுக்கு மாட்டிவிட்டுத் தன் ஊருக்குப் போனார்.

டவர் பக்கம் மழை பெய்தது. ஓடைப் பக்கம் பெய்யவில்லை. தவசி குடத்தோடு ஓடிப்போய் ஓடை ஆட்டைத் தலைமுழுக நனைத்தான்.

ஓடை ஆட்டைப் பார்த்து ஒரு நாய் குரைத்தது. ஒச்சப்பன் சைக்கிளை மிதித்து டவருக்குப் போய், அங்கே நின்ற ஆட்டின் முன் மண்டியிட்டுக் குரைத்தான். ஆடு அவனை முட்டித் தள்ளி, தொப்பியை உதறி, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"ஒண்ணு ஓடிருச்சு, ஒண்ணு நிக்குது. இது வித்தியாசமாடா?" என்றான் ஒச்சப்பன்.

"பெரிய வித்தியாசம்ணே" என்றான் தவசி.

"மேடம் கேட்டா?"

ஓடை ஆட்டின் தொப்பியைக் கழற்றி, கயிற்றை அறுத்து, அதையும் விரட்டிவிட்டார்கள். மனசு லேசானது.

பொழுது சாயும்போது இரண்டு ஆடுகளும் காமாயி வீட்டுக்குத் தாமாகவே வந்து சேர்ந்தன. மூவரும் போய்ப் பார்த்தார்கள்.

"இதுல எது டவர் ஆடு?" என்றான் ஒச்சப்பன்.

"கொம்பு வளைஞ்சது டவருல நின்னது. மத்தது ஓடையில நின்னது" என்றாள் காமாயி.

"அக்கா, இது ஆராய்ச்சி. உங்க கண்ணு இதுல செல்லாது" என்று தவசி போனை எடுத்தான். "கதிர் உடம்புல ஊறியிருக்கும். எந்த ஆட்டுப் பக்கத்துல சிக்னல் காட்டுதோ, அதுதான் டவர் ஆடு."

முதல் ஆட்டின் பக்கத்தில் முழு சிக்னல். அடுத்த ஆட்டின் பக்கத்திலும் முழு சிக்னல்.

மொக்கராசுவின் முகம் வெளுத்தது. "ரெண்டுமே டவர் ஆடு. நாம டவருல கட்டினது ஒண்ணுதானே? அப்ப இதுல ஒண்ணு வேற யாரோட ஆடோ. ஓடை ஆடு இன்னும் வரல!"

"அட கூறுகெட்டவனுகளா, ரெண்டும் என் ஆடுடா!"

"மனச விட்றாதீங்கக்கா. மலையில தேடி உங்க ஆட்டைக் கொண்டுவராம ஊருக்குள்ள கால் வைக்க மாட்டோம்" என்றான் தவசி.

மலை ஏறினார்கள். டவர் கண்ணில் படாத அந்தப் பக்கத்துச் சரிவில் ஒரு கருப்பு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போனை வைத்தால் சிக்னல் துளியும் இல்லை. மூவரும் அதைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அது தாடி வைத்த கிடா.

"கவலையில தாடி வளர்த்திருச்சு, பாவம்" என்றான் ஒச்சப்பன்.

கயிறு கட்டி, ஆளுக்கொரு கை பிடித்து, மலையிறக்கி ஊர் எல்லைக்கு இழுத்து வந்தார்கள். காமாயியிடம் கொடுக்கும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று தவசி போனை எடுத்துப் பார்த்தான். முழு சிக்னல்.

"போச்சு! வழியில எவனோ ஆட்டை மாத்திட்டான்."

கயிற்றை அவிழ்த்துக் கிடாவை விரட்டிவிட்டு, மூவரும் மறுபடி மலை ஏறினார்கள்.