நானூறு முசுறுகளின் மீசை உரசல்

காட்டோரத்து மாமரத்தில் முசுறு எறும்புகள் இலைகளை இழுத்து வளைத்துக் கூடு தைத்துக்கொண்டிருந்தன. ஊசி ஏது, நூல் ஏது? அவற்றின் குட்டிப் புழுக்களைத் தூக்கிப் பிடித்தால், வாயிலிருந்து வரும் பட்டுதான் நூல்.

காலையில் வேலைக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முசுறும் மற்ற எல்லா முசுறுகளோடும் மீசை உரசிக் கேட்கும்: "நேத்து என்ன தைச்சே? இன்னிக்கு என்ன தைக்கப் போறே? எங்க இடிக்குது?"

முதன்முதலில் இந்த மரத்துக்கு வந்தபோது அவர்கள் வெறும் ஏழு பேர். செம்பி அந்த ஏழில் ஒருத்தி. அப்போதெல்லாம் பனி உலர்வதற்குள் உரசல் முடிந்துவிடும். 'இந்த ஓரம் வளையலடி' என்று ஒருத்தி சொன்னால் போதும், இரண்டு பேர் ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்து இழுப்பார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு இலையாவது மூடியிருக்கும். உள்ளே ஒட்டிப் படுத்துக் கதை பேசுவார்கள். அந்தப் பச்சிலை வாசத்தைச் செம்பி இன்னும் மறக்கவில்லை.

இப்போது நானூறு பேர். உரசல் முடியவே உச்சிவெயில் ஆகிவிடுகிறது. போதாததற்குத் தலைவி பூவரசியின் உத்தரவு வேறு: முதலில் எல்லா இலையையும் வளைக்கணும், பிறகுதான் தையல். மரம் முழுக்க இலைகள் பாதி மடிந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"என்ன ஆத்தா, கல்யாண வீட்டு விசாரிப்பு இன்னும் முடியலையா?" என்று கீழ்க்கிளை ஓணான் கேட்டது.

செம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. மேற்கே மேகம் கறுத்திருந்தது. முட்டைகளெல்லாம் மரப்பட்டைப் பிளவில் கிடந்தன. மழை வந்தால் அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

அவள் பூவரசியிடம் ஓடினாள். "அக்கா, உரசலை நிறுத்துங்க. இன்னும் இருநூறு பேர் பாக்கி. மழை நமக்காக நிக்காது."

"நீங்க ஏழு பேரும் ஆரம்பிச்ச வழக்கம்தானே செம்பி? அதைத்தானே நான் விடாம காப்பாத்துறேன்?"

செம்பிக்குச் சுருக்கென்றது. "அப்ப நாங்க ஒரே இலையில நின்னோம்க்கா. இப்ப உச்சிக்கிளைக்காரி இழுக்கிறது அடிக்கிளைக்காரிக்கு எதுக்கு?"

"ஆளுக்கொரு பக்கம் இழுத்தா இலை கிழிஞ்சிடாதா?"

"இலைக்கு ஏழெட்டு பேரா பிரிவோம். அவங்களுக்குள்ள உரசிக்கட்டும். ஒருத்தி மட்டும் பக்கத்து இலைக்குப் போய்க் கேட்டுட்டு வரட்டும். வளைச்ச இலையை உடனே தைச்சு மூடி, முட்டையை உள்ள வைப்போம்."

பூவரசி மேகத்தை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப எனக்கு என்ன வேலை?"

"எங்க புழு பத்தலையோ அங்க தூக்கிட்டு ஓடுங்க."

வேலை சூடு பிடித்தது. ஒரு இடத்தில், "இது எங்க ஓரம்" என்று இரண்டு இலைக்காரர்களும் முட்டிக்கொண்டார்கள். ஒரு இலையிலிருந்து கேட்க வந்தவள், "நீங்க இழுங்கடி, நாங்க தைக்கிறோம்" என்றாள். சண்டை அத்தோடு தீர்ந்தது.

மழை கொட்டியபோது பல இலைகள் இன்னும் திறந்துதான் கிடந்தன. ஆனால் பதினோரு இலைகள் முழுசாக மூடியிருந்தன. முட்டைகள் எல்லாம் அவற்றுக்குள் நனையாமல் இருந்தன.

செம்பி ஒரு இலைக்குள் ஒடுங்கிப் படுத்தாள். பக்கத்தில் கிடந்தவள் மெல்ல மீசையால் தொட்டு, "உங்க பேரு என்னக்கா?" என்றாள்.

நானூறு பேரான பிறகு அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை.

கூட்டம் பெருகினால், பழைய வழக்கத்தை அப்படியே பெரிதாக்காமல், சிறு சிறு குழுவாய்ப் பிரிந்து, தொட்ட வேலையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட வேண்டும்.