முழங்கால் மடங்கிய கட்டுவீரன்

ஏழுமடை நாட்டில் மழை இல்லாத வருஷம் உண்டு. பொம்மைச் சண்டை இல்லாத வருஷம் மட்டும் கிடையாது.

அந்த நாட்டு ராஜா மாணிக்கபூபதிக்குக் கட்டுவீரன் என்றால் உயிர். கட்டுவீரன் என்பது வாள், கேடயம் உட்படப் பதினோரு மரத்துண்டுகள். ஒன்றோடொன்று பொருத்தினால் முழ உயரத்துக்கு ஒரு போர்வீரன் நிற்பான். அரண்மனைத் தச்சர் அங்கமுத்து ஆசாரி விஜயதசமிக்கு விஜயதசமி புது மாதிரி வீரனைச் செய்து, ஆளுக்கொரு பெட்டியாகச் சபைக்குக் கொண்டுவருவார். மன்னன் எவ்வழி மக்கள் அவ்வழி அல்லவா? சேனாதிபதி, மந்திரி, ராஜவைத்தியர் எல்லாருக்கும் அதே பைத்தியம்.

பைத்தியத்துக்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள். உண்மையான ரசிகன் பொம்மையைக் கையால் தொடமாட்டான். வேலைக்காரனை விட்டுப் பொருத்தச் சொல்லி, கண்ணாடிப் பேழைக்குள் வைத்து, நாலடி தள்ளி நின்று பெருமூச்சு விடுவான். ராஜா அதற்கும் ஒரு படி மேலே. தமக்கு வந்த பெட்டியைத் திறக்கவே மாட்டார். குலுக்கிப் பார்த்துவிட்டு, "ஆகா, என்ன வேலைப்பாடு!" என்பார்.

இந்த வருஷம் ஆசாரி ஒரு புதுமை செய்தார். வீரனின் முழங்கால் மடங்கியது. தலையும் கொஞ்சம் சிறுத்திருந்தது. அவ்வளவுதான், சபை கொதித்துவிட்டது.

"வீரனுக்கு முழங்கால் எதற்கு மடங்கவேண்டும்? எதிரி முன்னால் மண்டியிடவா?" என்று சேனாதிபதி ரணசிங்கர் கண் கலங்கினார். மனிதர் போர்க்களம் பார்த்துப் பத்து வருஷம் ஆகிறது.

"தலையைப் பாருங்கள், சுண்டைக்காய்! போன வருஷத் தலை இருந்ததே, அது தலை!" என்றார் மந்திரி.

"போன வருஷம் பூசணிக்காய்னு திட்டுனீங்களே சாமி?" என்றார் ஆசாரி.

"அது போன வருஷத்து அபிப்பிராயம்!"

ராஜா கையை உயர்த்தினார். "ஆசாரி! பொழுது சாய்வதற்குள் இந்தச் சபை முழுவதும் ஒரே குரலில் இந்தப் பொம்மையைப் புகழவேண்டும். இல்லையென்றால் உளியை ஆற்றில் போட்டுவிட்டு நீர் நாட்டை விட்டுப் போகலாம்."

ஒரே குரலிலா? வெளியே மழை பெய்கிறதா இல்லையா என்பதில்கூட ஒத்துப்போகாத சபை அது. ஆசாரியின் முழங்காலும் மடங்கிவிட்டது.

சபையில் வெயிலுகந்தார் என்றொரு விகடகவி இருந்தார். வாசலில் ஆசாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஐயா, எம்பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்லுவேன்? பொம்மைக்கு முட்டி மடங்குச்சு, அதனால நாம ஊரைக் காலி பண்றோம்னு சொன்னா என்னை உயிரோட விடுவாளா?"

"விடமாட்டாள். அதனால் ஊரிலேயே இருப்போம். அந்தப் பொம்மையைப் பிரித்துக் கொடும். அடுத்த வருஷப் பொம்மையை இப்போதே தயார் செய்துவிடலாம்."

"அதுக்கு நான் இன்னும் மரமே அறுக்கலீங்களே!"

"மரம் எதற்கு?" என்றார் வெயிலுகந்தார்.

ஒரு நாழிகை கழித்து, ஆசாரி பின்னால் வர, பட்டுத்துணி போர்த்திய தாம்பாளத்தோடு அவர் சபைக்குள் நுழைந்தார். "மகாராஜா, ஆசாரி போவதென்றால் போகட்டும். அடுத்த விஜயதசமிக்கு என்ன வரப்போகிறது என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்."

துணியை எடுத்தார்.

தோளில் கால்கள் முளைத்திருந்தன. வீரன் உள்ளங்கைகளை ஊன்றி நின்றான். தலை இருந்த இடத்தில் கேடயம். தலையோ வயிற்றில். வாள் பின்பக்கம் வாலாக நீண்டிருந்தது.

"அடப்பாவி!" என்று சேனாதிபதி வாளை உருவினார். துருப்பிடித்த வாள் பாதியில் நின்றுவிட்டது. "இதற்கு அந்த முழங்கால் வீரன் எவ்வளவோ மேல்!"

"என்ன மேல்? அவன் ஒரு காவியம் ஐயா!" என்றார் வைத்தியர். "முழங்கால் மடங்காமல் எவனாவது குதிரை ஏற முடியுமா?"

"அந்தச் சின்னத் தலையில் என்ன லட்சணம்!" மந்திரி தழுதழுத்தார். "நான் முதலிலேயே சொன்னேன். யார் கேட்டீர்கள்?"

"முழங்கால் வீரன் வாழ்க!" என்று ஒருவர் கத்த, சபை முழுவதும் கத்தியது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவர் ராஜா. "ஆசாரி! அப்பேர்ப்பட்ட பொம்மையை மாற்ற உமக்கு எப்படி ஐயா மனசு வந்தது?"

வெயிலுகந்தார் கும்பிட்டார். "மகாராஜா, ஒரே குரல் கேட்டதா?"

"கேட்டது."

"பொழுது சாய்ந்துவிட்டதா?"

ராஜா சாளரத்தின் வழியே பார்த்தார். வெயில் இன்னும் புளியமரத்து உச்சியில் இருந்தது. "இல்லை."

"அப்படியானால் ஆசாரி இங்கேயே இருக்கலாம். இன்னொரு விஷயம். இது அடுத்த வருஷப் பொம்மை இல்லை. நீங்கள் இப்போது வாழ்த்தியவனேதான் இவன். அதே பதினோரு துண்டுகளை நான் தாறுமாறாகப் பொருத்திவிட்டேன். உங்களில் ஒருவராவது ஒரே ஒரு தடவை கையால் கட்டிப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பீர்கள்."

மந்திரி விதானத்தில் ஏதோ சித்திரத்தைப் பார்க்கத் தொடங்கினார். சேனாதிபதி வாளை உள்ளே தள்ளப் பார்த்தார். அது உள்ளேயும் போகவில்லை. ராஜாவின் முகம் சிவந்தது. மீசை துடித்தது. பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தார். கிரீடம் நழுவிக் காதில் தொங்கும்வரை சிரித்தார். ஆசாரிக்குப் பட்டு வேட்டி, வெயிலுகந்தாருக்கு முத்துமாலை.

"சரி, சரி," என்று ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த அசிங்கத்தை உடனே பிரித்துப் போடும். பார்க்கவே சகிக்கவில்லை."

"உத்தரவு, மகாராஜா." வெயிலுகந்தார் பொம்மையின் காலில் கை வைத்தார். "என்ன, உலகத்திலேயே இந்த மாதிரி இது ஒன்றுதான் இருக்கிறது. அதனால் என்ன? பிரித்துவிடுகிறேன்."

ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

"ஒன்றுதானா?"

"ஒன்றே ஒன்று."

சேனாதிபதி மெல்ல ஓரடி முன்னால் வைத்தார். மந்திரி இரண்டடி வைத்தார். அவ்வளவுதான், ராஜா சிம்மாசனத்திலிருந்து ஒரே தாவாகத் தாவிப் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"யாரும் கிட்டே வராதீர்கள்! நான்தான் முதலில் பார்த்தேன்!"