கிளிப் போட்ட பக்கங்கள்

இதை எனக்கு முதலில் சொன்னது சகுந்தலா அக்கா. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி மூன்றாம் வெள்ளி, மாரியம்மன் கோயில் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் கூழ் கிண்டிக்கொண்டிருந்தபோது. துடுப்பைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னாள். நானும் அப்படியே சொல்கிறேன்.

செஞ்சிக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை. அங்கே ஓர் ஆசிரமம். ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஓட்டு வீடு, ஒரு கைப்பம்பு, தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. அங்கே இருந்த அம்மாவை ஊரார் சாமியம்மா என்று கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தைந்துகூட இருக்காது. பிரசங்கம் ஒன்றும் செய்யமாட்டார். கேட்டால் பதில் சொல்வார். பல நாள் அதுவும் கிடையாது.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் ஏகாம்பரம் வாத்தியார். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் வெளியூரில்.

"தங்கச்சி வயசுக்காரியைப் போய் குருன்னு கும்பிடறீங்களே சார்" என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள்.

"முப்பத்து நாலு வருஷம் நான் பேசினதை நானே கேட்டுக்கிட்டிருந்தேன்யா. அலுத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டகைக்குப் பிள்ளைகள் வருவார்கள். வாத்தியார் படக்கதைப் புத்தகம் படித்துக் காட்டுவார். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பக்கம் திருப்பியதும் பாய்ந்து வந்து, படத்தில் பிடித்த ஆளின் மேல் கையை வைத்து "இது நான்!" என்பார்கள். யார் கை முதலில் விழுகிறதோ அவர்களுக்குத்தான் அந்த ராஜா, அந்த யானை, அந்த ரயில் ஓட்டுகிறவர். பிந்திப் போனவர்களுக்கு மரமோ மேகமோதான். நம் வீடுகளிலும் இந்த விளையாட்டு உண்டு.

கூட்டத்தில் நதியா என்று ஒரு பெண். ஒன்பது வயது. ஓர் அரிசி ஆலையில் அவள் குடும்பத்தையே உள்ளே வைத்துப் பூட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதிகாரிகள் போய் மீட்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். பள்ளிக்கூட மணி அடித்தாலே அந்தப் பிள்ளை ஓடி ஒளிந்துகொள்ளும். ஆலைச் சங்கு மாதிரி இருக்கிறதாம். தானாக நடந்து வந்து உட்கார்ந்த ஒரே இடம் அந்தக் கொட்டகைதான். அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தாள்.

ஒருநாள் வந்த புத்தகப் பார்சலில், அடிமைகளைப் பற்றி ஒரு பெரிய படப்புத்தகம் இருந்தது. கடலுக்கு அப்பால் சனங்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, சந்தையில் நிறுத்தி விற்ற கதை. பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வாத்தியாருக்குத் தோன்றியது. எங்கேயோ நடந்தது, எப்போதோ நடந்தது, யார் மனசும் நோகாது என்றும் தோன்றியது. ஆனாலும் நடுவில் நாலைந்து பக்கம் அவருக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது. சவுக்கு, சங்கிலி, ரத்தம். சின்னப் பிள்ளைகளாயிற்றே என்று அந்தத் தாள்களை ஒன்றாகச் சேர்த்து, கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப்பைப் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை படித்தார். கப்பல் பக்கம் வந்தது. இருபது கையும் தொப்பி போட்ட கேப்டன் மேல் விழுந்தது. சந்தைப் பக்கம் வந்தது. வாங்க வந்த பெரிய மனுஷர்கள் மேல் விழுந்தது. சங்கிலி போட்ட சனங்கள் மேல் ஒரு கைகூட இல்லை.

"சார், இவங்கல்லாம் இன்னாத்துக்கு சும்மா நிக்கறாங்க?" என்று ஒரு பையன் கேட்டான்.

"பிடிச்சு வச்சிருக்காங்கடா."

"காலு இருக்குதே சார். ஓட வேண்டியதுதானே?"

வாத்தியார் கிளிப்பைத் தடவினார். திறக்கவில்லை.

"பயந்தாங்கொள்ளிங்க சார்" என்றான் அவன். "நம்ம நதியா வூட்ல மாதிரி." இன்னொரு பெண் சங்கிலிப் பெண்ணின் மேல் விரலை வைத்து, "ஏய், இது நதியாடி!" என்றாள். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

நதியா அழவில்லை. எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

இனி அந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தையும் தொடாது, நாம் தொட வைத்ததை நாமே பிடுங்கிவிட்டோம் என்று வாத்தியாருக்கு மனசு அடித்துக்கொண்டது. மூன்றாம் வாரம் சாமியம்மாவிடம் வந்து உட்கார்ந்தார். சாமியம்மா தன் கால்வீக்கத்துக்கு நொச்சி இலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சாமியம்மா, இந்த மாதிரி விஷயத்தைப் பிள்ளைங்களுக்குப் படம் காட்டிச் சொல்லலாமா, கூடாதா?"

சாமியம்மா துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"சொல்லாம விட்டா தப்பு. சொன்னா இப்படி ஆகுது. எனக்கு ஓய்ஞ்சு போச்சும்மா. புத்தகத்தைத் திருப்பி அனுப்பிடட்டுமா?"

சாமியம்மா கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். "அதை எடுத்துக்கிட்டு வாங்க" என்று எழுந்தார்.

இரண்டு பேரும் ஏரிக்கரை மேலேயே நடந்தார்கள். அவருக்குக் கால் வலி, இவருக்கு முழங்கால். வழியில் நாலு இடத்தில் நின்றார்கள். வெயில் ஏறிவிட்டது.

குடிசை வாசலில் நதியாவின் அம்மா அஞ்சலை மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நதியா. வாத்தியாரைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை தாயின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தது.

"வாங்க சாமியம்மா, வாங்க சார். பாய்கூட இல்லியே" என்று அஞ்சலை பதறினாள்.

"பாய் எதுக்கு? தரை இருக்குதே" என்று சாமியம்மா உட்கார்ந்து, தானும் ஒரு பிடி மல்லாட்டையை எடுத்து உரித்தார். கொஞ்ச நேரம் உரித்தபிறகு, "வாத்தியாரே, அந்தச் சந்தைப் படத்தை எடுங்க" என்றார்.

வாத்தியார் விரித்து வைத்தார்.

சாமியம்மா பார்த்தார். வாங்க வந்தவர்கள் கூட்டத்தில் குடை பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண், பெரிய வீட்டுப் பெண், நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் கையை வைத்தார்.

"இது நான்."

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சாமியம்மா! அது வாங்க வந்தவங்க வீட்டுப் பொண்ணு."

"தெரியுது. எங்க அப்பா களத்துல மூணு குடும்பம் இருந்துச்சு. வெளியூருக்குப் போகணும்னா எங்க அப்பாவைக் கேக்கணும். மத்தியானம் மோர் ஊத்தறது என் வேலை. கை படாம உயரத் தூக்கி ஊத்துவேன். ஒரு சொட்டு சிந்தாது. 'பாப்பாவுக்கு எவ்வளவு நல்லாப் பழகியிருக்கு'ன்னு எங்க பெரியம்மா மெச்சிக்குவாங்க. எட்டு வயசு எனக்கு."

அஞ்சலை உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"இப்ப உங்க கை, வாத்தியாரே."

"நான்... நான் படிச்சுக் காட்டறவன் தானேம்மா."

"அதனால?"

வாத்தியார் படத்தைப் பார்த்தார். எத்தனையோ தரம் படித்த பக்கம்தான். ஒரு நாளும் தன்னை அதில் தேடியதில்லை. கேப்டன் இல்லை. வாங்க வந்தவர் இல்லை. ஓரத்தில் ஓர் ஆள் சந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். வாத்தியாரின் கை போய் அவன் முதுகின் மேல் நின்றது.

"எங்க பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியும் ஒரு ஆலை இருந்துச்சு" என்றார். "வருஷா வருஷம் ரெண்டாம் வகுப்புல ஏழெட்டுப் பிள்ளைங்க நின்னு போகும். வருகைப் பதிவேட்டுல சிவப்பு மையால ஒரு கோடு போடுவேன். எங்க போச்சுன்னு ஒரு தரம்கூடப் போய்ப் பார்க்கலை. சுவர் பக்கத்துலதான் இருந்துச்சு."

ஒரு கோழி வந்து மல்லாட்டைத் தொலியைக் கிளறியது. அஞ்சலை அதை விரட்டக்கூட இல்லை.

தாயின் முதுகுக்குப் பின்னாலிருந்து நதியா எட்டிப் பார்த்தாள். மெல்ல வந்தாள். சாமியம்மாவின் கையைப் பார்த்தாள், சாரின் கையைப் பார்த்தாள். பெரியவர்கள் இப்படி விளையாடி அவள் பார்த்ததில்லை. பிறகு அவள் கண் கிளிப்பின் மேல் போயிற்று.

"இத இன்னாத்துக்கு சார் மூடி வச்சிருக்கீங்க?"

"நீங்க பயந்துடுவீங்கன்னு, கண்ணு."

"எங்களுக்குத்தான் தெரியுமே" என்றாள் நதியா.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பிள்ளை கிளிப்பைக் கழற்றி ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். சவுக்குப் படத்தை நின்று பார்த்தாள். பூட்டுப் போட்ட கதவைப் பார்த்து, "எங்க ஆலையில இதவிடப் பெருசு" என்றாள். அதற்கடுத்த தாளில் ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் கோரைப் புல்லைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். தூரத்தில் நாய்கள்.

நதியா மூச்சு விடாமல் பார்த்தாள். சட்டென்று இரண்டு கையையும் அந்தப் பெண்ணின் மேல் வைத்து அழுத்தினாள்.

"இது எங்க அம்மா!"

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயய்யே, எனக்கு ஏதுடி இவ்ளோ நல்ல துணி?"

"அம்மா நீங்க... ஓடி வந்தீங்களா?" என்றார் வாத்தியார்.

"எங்க சார் ஓடறது, வாசல்ல ஆள் இருக்கும்போது? உமி ஏத்திக்கினு லாரி போகும். உமிக்குள்ள படுத்துக்கினோம், நானும் இதுவும். ரெண்டு மணி நேரம். இருமுனா செத்தோம். இது வாய் பூரா உமி. துப்பலியே! மென்னுக்கினே இருந்துச்சு. எறங்கி, ஆபீஸ் எங்கன்னு கேட்டுக் கேட்டுப் போய்ச் சொன்னேன். அப்புறம்தான் ஜீப்பு வந்துச்சு. உள்ள இன்னும் பதினோரு பேரு இருந்தாங்க."

"இன்னும் தொண்டையில இருக்கற மாதிரியே இருக்கும் சார்" என்றாள் நதியா. சொல்லிவிட்டுத் தாய் மடியில் ஒட்டிக்கொண்டாள்.

ஓட வேண்டியதுதானே என்று அந்தப் பையன் கேட்டானே, அப்போது தன் விரல் இந்தப் பக்கத்தை மூடியிருந்த கிளிப்பின் மேல்தான் இருந்தது என்று வாத்தியாருக்கு உறைத்தது. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு களைத்துப்போன குரலில், குருவைப் பார்த்துக் கேட்டார்:

"சாமியம்மா, வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் இந்தப் பக்கத்தைத் திறக்கட்டுமா?"

சாமியம்மா கையில் இருந்த மல்லாட்டையை உரித்து முடித்து முறத்தில் போட்டார்.

"என்னைக் கேட்டதெல்லாம் போதும் வாத்தியாரே. இனிமே அவளைக் கேளுங்க."

வாத்தியார் நதியாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். சம்மணம் கூட்டி, புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டுக் கேட்டார். அவள் யோசித்தாள். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

சகுந்தலா அக்கா இதோடு நிறுத்திவிட்டாள்.

நீங்கள் இதை யாருக்காவது சொன்னால், அந்தப் பிள்ளையின் பேரை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். நானும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன்.