குழாய்ச் சக்கரம்

“என் வண்டி வழுக்கவே மாட்டீங்குதுங்க,” என்றார் நாச்சிமுத்து.

செலின் நிமிரவில்லை. ஒரு ரிமோட் காரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“வழுக்காம இருந்தா நல்லதுதானுங்களே?”

நாச்சிமுத்துவும் ஊருக்கெல்லாம் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறார்.

சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபம். அதன் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துகிற இடம், வழவழப்பான தரை. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் கார் ஓட்டுகிறவர்கள் அங்கே கூடுவார்கள். யார் முதலில் வருகிறார்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. வளைவில் வண்டியை வேண்டுமென்றே பக்கவாட்டில் சறுக்கவிட வேண்டும். சறுக்கல் நின்றுவிடாமலும் வண்டி சுழன்றுவிடாமலும் தூணைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். டிரிஃப்ட் என்பார்கள். டயரை அவரவரே செய்துகொள்ள வேண்டும் என்பது அங்கே இருந்த ஒரே சட்டம்.

செலினுக்கு முப்பது வயது. பல் லேப் ஒன்றில் செயற்கைப் பல் செய்கிறவள். முதலில் கேலியாகத்தான் அவளைக் குரு என்று கூப்பிட்டார்கள். நாளாக நாளாகக் கேலி போய்விட்டது. குரு என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அந்த வட்டாரத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். பழகுகிற காரில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அவர் கால் அதன் மேலேயேதான் இருக்கும்.

“எதுக்கு இதெல்லாம் உங்களுக்கு, மாஸ்டர்?”

“எம் பொண்ணு தாரணி இங்க வர்றாளுங்க. அவளுக்குப் புனேல வேலை கெடச்சிருக்குது. கார் கம்பெனில புது வண்டியெல்லாம் டிராக்ல ஓட்டிப் பாக்கற வேலை. போறதுக்கு முந்தி இங்க அவ ரிமோட் வண்டிக்குப் பின்னாலயே என்னுதையும் ஒருக்கா ஓட்டோணும்.”

“அவகிட்டக் கேட்டீங்களா?”

“கேட்டனுங்க. வண்டி வழுக்குச்சுன்னா வாங்கன்னு சொன்னா.”

மூன்று வருடத்தில் தாரணி அவரிடம் அவ்வளவு பேசியதே அதிகம்.

அவளுக்கும் அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். வளைவுக்கு வளைவு அவர் கால் பிரேக்கை மிதித்தது. ஒரு நாள் சிக்னலில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து இறங்கியவள், நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு வேறு ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். புனே வேலை கிடைத்ததைச் சொன்னபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டார்.

செலின் அவருடைய காரைக் கையில் எடுத்தாள். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“ரப்பர்.”

“ஆமாங்க. நல்ல ரப்பர்.”

“அதான்.”

மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிவிசி குழாயை எடுத்து நீட்டினாள். வீட்டுத் தண்ணீர்க் குழாய்.

“இதை என்ன பண்றதுங்க?”

“டயர் அகலத்துக்கு வளையமா வெட்டுங்க. ரப்பரைக் கழட்டிப்போட்டு இதை மாட்டுங்க.”

“பிளாஸ்டிக்குல எங்கீங்க பிடிமானம் இருக்கும்?”

“இருக்காது.”

“பிடிமானம் இல்லாம வண்டி எப்படிங்க போகும்?”

செலின் ரம்பத்தையும் எடுத்துக் கொடுத்தாள்.

*

அடுத்த ஞாயிறு நாலு சக்கரங்களோடு வந்தார்.

நல்ல வேலைப்பாடு. ரப்பரை எடுத்துவிட்டு ரிம்மின் மேல் கரண்ட் டேப் சுற்றியிருந்தார். வளையத்தைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இளகியதும் ரிம்மின் மேல் அழுத்தி ஏற்றியிருந்தார். ஆறியதும் அது இறுகிக்கொண்டது.

செலின் தடவிப் பார்த்தாள். சொரசொரத்தது.

“இது என்ன?”

“உப்புத்தாள் போட்டுத் தேச்சேனுங்க. கொஞ்சமாச்சும் புடிக்கட்டுமேன்னு.”

“டயர் எங்க, மாஸ்டர்?”

“இதானுங்க டயர்.”

செலின் வளையங்களை ஒவ்வொன்றாக நெம்பிக் கழற்றினாள். குப்பைக்கூடையில் போட்டாள்.

நாச்சிமுத்து கூடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு வாரம் ராப்பகலாகச் செய்தது.

“எதுக்குங்க அப்படிப் பண்ணீங்க?”

“அது வழுக்காது.”

“நீங்க போட்டே பாக்கலீங்களே!”

அவள் அடுத்த ஆளின் வண்டியை எடுத்துக்கொண்டாள்.

*

மறுபடி செய்தார். இந்த முறை வளையத்தைப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு வந்தார்.

செலின் ஒன்றைத் தரையில் உருட்டிவிட்டாள். அது கோணாமல் ஓடித் தூணில் முட்டிச் சாய்ந்தது.

“ஓட்டுங்க.”

ஓட்டினார். முதல் வளைவிலேயே வண்டி பம்பரமாகச் சுற்றி நின்றது. இன்னொரு முறை. இன்னொரு முறை.

“சுத்துதுங்க குரு.”

“வழுக்குச்சா?”

“வழுக்குச்சு.”

“அதுக்குத்தான பண்ணீங்க?”

“ஆமாங்க.”

“அப்புறம் எதுக்குப் பிரேக் புடிக்கறீங்க?”

“கை தானாப் போகுதுங்க.”

ரிமோட்டில் வண்டியைத் திருப்ப ஒரு சின்ன ஸ்டீயரிங், துப்பாக்கி விசை மாதிரி ஒரு விசை. பின்னால் இழுத்தால் வண்டி ஓடும். முன்னால் தள்ளினால் பிரேக். செலின் ஒரு குழாய்ச் சில்லை எடுத்து விசைக்கு முன்னால் இருந்த இடைவெளியில் செருகினாள். விசையை இனி முன்னால் தள்ள முடியாது.

“இப்பப் பிரேக் இல்ல.”

“எப்படிங்க நிறுத்தறது?”

செலின் டீ குடிக்கப் போய்விட்டாள்.

நாச்சிமுத்து ஓட்டினார். வண்டி தூணில் மோதியது. சுவரில் மோதியது. யாரோ ஒருவருடைய செருப்பில் மோதியது. வியர்த்துக் கொட்டியது அவருக்கு.

டீ கிளாஸோடு திரும்பி வந்தவள் வண்டியைப் பார்க்கவில்லை. அவருடைய காலைப் பார்த்தாள்.

வலது கால் சிமெண்டுத் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

அவரும் அப்போதுதான் பார்த்தார். சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

“காலுக்கு நான் ஒண்ணும் செருக முடியாதுங்க, மாஸ்டர்.”

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க குரு. ரப்பரை எடுத்தாச்சு. பிரேக்கை எடுத்தாச்சு. மிச்சம் என்னதானுங்க இருக்குது ஓட்டறதுக்கு?”

“டீ சொல்லட்டுங்களா உங்களுக்கு?”

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் தனக்குள் பேசிக்கொண்டே போனார். இந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே ஏதாவது தெரியுமா? இல்லை, வயதான ஆளை வைத்து விளையாடுகிறாளா?

இருந்தாலும் போனார். முகூர்த்தம் இல்லாத ஞாயிறு தவறாமல், தாரணி வருவதற்கு முன்பே போய் ஓட்டிவிட்டுத் திரும்பினார். சில நாள் வண்டி பாதி வளைவு வரைக்கும் சறுக்கியது. சில நாள் அதுவும் இல்லை. எந்த நாள் எதனால் நடந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

*

தாரணி புனேவுக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு.

வந்தவள், அப்பாவின் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வெள்ளைச் சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிவிட்டாள்.

“யார் பண்ணுனது?”

“நாந்தான்.”

அவள் எழுந்து தன் காரைக் கொண்டுவந்து அவர் காருக்கு முன்னால் வைத்தாள். இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவள் வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. முதல் தூணில் அப்படியே பக்கவாட்டில் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு சறுக்கியது. நாச்சிமுத்து விசையை இழுத்தார். தன் வண்டியைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. அவள் வண்டியையே பார்த்தார். அவர் கையில் ஸ்டீயரிங் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. இரண்டு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூணைச் சுற்றின.

யாரோ கை தட்டினார்கள்.

இரண்டாவது சுற்றில் அவர் வண்டி நெருங்கிப் போய் அவள் வண்டியின் பின்பக்கத்தை இடித்தது. அவளுடைய கார் தூக்கி எறியப்பட்டுச் சுவரில் அடித்து விழுந்தது. டப்பென்று சத்தம். சக்கரத்தின் வளையம் ஒன்று இரண்டாகப் பிளந்து தெறித்தது.

நாச்சிமுத்து ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். அவள் போய்விடுவாள் என்று நினைத்தார். போவதைப் பார்க்க வேண்டாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏப்பா, குழாய் மிச்சம் இருக்குதா?”

நிமிர்ந்தார். தாரணி உடைந்த வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“இருக்குது, இருக்குது,” என்றார்.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அவர் ரம்பத்தால் ஒரு வளையம் அறுத்தார். அவள் ஓரத்தைத் தேய்த்தாள். செலினின் கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. வளையம் இளகியதும் அவர் ரிம்மைப் பிடித்துக்கொள்ள, அவள் சுடச்சுட அழுத்தி ஏற்றினாள். விரல் சுட்டதும் ‘ஸ்ஸ்’ என்று கையை உதறிச் சிரித்தாள்.

வளையம் ஆறுகிற வரைக்கும் அசைக்கக் கூடாது.

“அப்பா.”

“ம்.”

“புனேல டிராக்கெல்லாம் தண்ணி ஊத்தி நனைச்சு வெச்சிருப்பாங்களாம். அதுல வேகமாப் போய், வேணும்னே வண்டிய வழுக்க விடோணுமாம். பொம்மை இல்ல, நெஜ வண்டி. உள்ள நான் மட்டுந்தான் இருப்பேன்.”

“ம்.”

“அப்ப என்னப்பா பண்ணோணும்?”

இத்தனை வருடமாக எல்லோருக்கும் சொல்லி வந்த பதில் நாச்சிமுத்துவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. செலினைத் திரும்பிப் பார்த்தார். அவள் தன் வண்டிக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியல அம்மணி,” என்றார். “நீ போய் ஓட்டிப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லிக்குடு.”