சிறுத்தைப் பட்டம்

மாசிலாமணிக்கு மிருகங்களைப் பற்றிய பாடமெல்லாம் பூங்காவனத்திடம்தான். மிருகக்காட்சிசாலையில் கூண்டு பார்ப்பவள் அவள். வயதில் அவரைவிடப் பதினைந்து வருஷம் இளையவள். இவரோ கம்ப்யூட்டர் கம்பெனியில் நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பவர்.

ஞாயிறு தவறாமல் வருவார். எது எப்படி நடக்கும், எப்படித் தாவும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார். திங்கட்கிழமை அதையெல்லாம் ஆபீசில் பட்டமாக வழங்கிவிடுவார். கோளாறைப் பிடித்தால் விடாதவனுக்கு உடும்புப் பிடி. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குச் சட்டென்று மாறுகிறவனுக்குக் குரங்குத் தாவல். மனுஷருக்கு அதில் அப்படியொரு பெருமை!

அந்த ஞாயிறு நோட்டு இல்லாமல் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நிலோபர் வேலையை விட்டுப் போயிட்டாம்மா."

"சிறுத்தைப் பாய்ச்சல்னு சொல்வீங்களே, அந்தப் பொண்ணா?"

"அதேதான். சர்வர் படுத்துட்டா எந்த நேரமானாலும் அவளைத்தான் எழுப்புவேன். பத்தே நிமிஷத்துல சரி பண்ணிடுவா. போன மாசம் நாலு நாள் லீவு கேட்டா. சிறுத்தை எங்கயாச்சும் லீவு கேட்குமான்னு சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா."

"அப்புறம்?"

"புதன்கிழமை கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா. சொந்த பாஸ்வேர்டே ஞாபகம் வரல. அடையாள அட்டையைக் கழட்டி என் மேஜையில வெச்சிட்டுப் போயிட்டா. இருபது தடவை போன் பண்ணிட்டேன், எடுக்கல. பாவிம்மா நான்."

பூங்காவனம் அவரைப் பின்பக்கத்துக் கூண்டுக்கு அழைத்துப் போனாள். உள்ளே ஒரு சிறுத்தை சுருண்டு கிடந்தது.

"கிணத்துல விழுந்துடுச்சு சார். வெளியே வர ரெண்டு நாள் பாய்ஞ்சு பாய்ஞ்சு பார்த்திருக்கு. இங்க கொண்டுவந்து மூணு நாளாச்சு. அப்போ படுத்ததுதான்."

"ஐயோ, உசிர் இருக்கா?"

கம்பியைத் தட்டப் போனார். அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கு."

மாசிலாமணி வெகுநேரம் அங்கேயே நின்றார். அதன் விலா மெல்ல ஏறி இறங்கியது. பாய்ச்சலைப் பற்றி அவளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார். பாய்ந்த பிறகு அது என்ன செய்யும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"அவளை என்னன்னு சொல்லித் திரும்பக் கூப்பிடறதும்மா?"

"கூப்பிடாதீங்க சார். தூங்கட்டும்."